டாக்குத்தருக்கும் ஒரு சட்டம்பியார்

நல்லூர்த் திருவிழாவுக்கென இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆவணியில் ஒருநாள் மாலை என்னைக் காண வீட்டுக்கு வந்தார். நான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் என் வகுப்பின் முன்வாங்கில் இருந்தவர். இன்று அந்நாட்டு அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் மயக்கமருந்து நிபுணர். தேநீர் அருந்தும்போது தமக்கு நேர்ந்த ஒரு தொல்லையைச் சொன்னார். அவரை அவருடைய பகுதிக்குத் தலைவராக நியமித்திருக்கிறார்களாம். நியமித்ததோடு விடாமல், தலைமைத்துவப் பயிற்சி என்று ஒரு வகுப்புக்கு அனுப்பி, அதன் மேலும், மாதத்துக்கு ஒருமுறை தனியே இருந்து பேசுவதற்கு ஒரு 'கோச்'சையும் ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறார்களாம். "இதென்ன சேர் புதினம்? நான் என்ன கிரிக்கெட் விளையாடவே போறன், எனக்கொரு கோச் வைக்க?" என்று கேட்டுச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். அத்தனை பரீட்சைகளையும் எழுதி முடித்த ஒருவருக்கு, நாற்பது வயதில் மேலும் ஒரு வாத்தியாரா என்பது அவளுடைய வியப்பு.

அவர் விடைபெற்றுச் சென்ற பின்னரும் அச்சொல் என் மனத்திற் சுழன்றுகொண்டிருந்தது. 'கோச்' என்பது ஆங்கிலத்தில் முதலிற் குதிரை வண்டியையே குறித்தது. ஹங்கேரி நாட்டில் 'கொச்' என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் செய்யப்பட்ட வண்டிகளின் பெயரே ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பரவியது. 1830ஆம் ஆண்டுகளில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக மாணவர், தம்மை ஏற்றிச் சென்று பரீட்சையின் மறுகரையில் இறக்கிவிடும் தனி ஆசிரியரை வேடிக்கையாக அப்பெயரால் அழைக்கலாயினர். விளையாட்டு மைதானத்துக்கு அச்சொல் போய்ச் சேர்ந்தது அதன் பின்னரேயாம். ஆகவே என் மாணவர் எண்ணியதற்கு மாறாக, 'கோச்' என்பவர் ஆதியில் எங்கள் கூட்டத்தவரே. நம்மூர்ப் பழைய வழக்கிற் சொன்னால், அவர் ஒரு சட்டம்பியார்.

ஆயினும் சட்டம்பியாருக்கும் இவருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆசிரியராகிய நாம் கற்பிக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், தேறியவரை வாழ்த்தி அனுப்பிவிடுகிறோம். அதன்பின் அவர் தம் தொழிலைச் செய்வதை யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வருபவர் அதிகாரியாயிருப்பார். எங்கள் தந்தையார் காலத்தில் பாடசாலைக்கு வித்தியாதரிசி வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை பளபளக்கும், பிள்ளைகள் மூச்சுவிடார், ஆசிரியர் தமக்கு நன்கு தெரிந்த பாடத்தையே அன்று எடுப்பார். வித்தியாதரிசி அங்கே கண்டது தம் வருகையின் விளைவையேயன்றி அவ்வாசிரியரின் கற்பித்தலை அன்று. பதவி உயர்வு எழுதும் பேனை எவர் கையில் இருக்கிறதோ, அவருக்குத் தன் பலவீனத்தைத் திறந்து காட்டுபவர் எவர்?

இந்தப் புதிய சட்டம்பியாருக்கு அந்தப் பேனை இல்லை. அவர் காண்பதும் கேட்பதும் அவ்விருவர்க்குள்ளேயே நிற்பவை. தொழிலை ஏற்கெனவே நன்கு அறிந்த ஒருவரின் அருகில் இருந்து, அவர் தம் கண்ணால் தாமே காணமுடியாதவற்றைக் காட்டிக் கொடுப்பதே அவர் வேலை.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே. இந்தியாவிலிருந்து குடியேறிய வைத்தியத் தம்பதியரின் மகன். எழுத்தாளராகவும் பெயர் பெற்றவர். நிபுணராகி எட்டு ஆண்டுகள் சென்று, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்து முடித்த நிலையில், தம் திறமை மேலே ஏறாமல் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. உலகில் முதலிடத்தில் நிற்கும் டென்னிஸ் வீரர்களுக்குக்கூட ஒரு பயிற்றுநர் இருக்கும்போது, வைத்தியருக்கு மட்டும் ஏன் இல்லை என்று எண்ணினார். தமக்கு ஒரு காலத்தில் கற்பித்து, பின் ஓய்வுபெற்றிருந்த றொபேட் ஒஸ்ரீன் என்பவரைத் தம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வந்து ஒரு மூலையில் நின்று பார்க்கும்படி வேண்டிக்கொண்டார். இதனை அவரே 2011ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் விவரித்திருக்கிறார்.

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை அகற்றும் சிகிச்சை அது. நன்றாகவே நடந்தது. குறையென்று சொல்ல அன்று ஒன்றும் இராது என்றே கவாண்டே நினைத்தாராம். முதியவரோ கையிலிருந்த தாள் நிறையக் குறிப்புகளுடன் வந்தார். நோயாளியைப் போர்த்த துணி கவாண்டேக்கு வசதியாகவும், எதிரே நின்ற உதவியாளரின் கைக்கு இடைஞ்சலாகவும் விரிக்கப்பட்டிருந்தது. இடையிடையே கவாண்டேயின் முழங்கை தோள் உயரத்துக்கு எழுந்தது. முழங்கை காற்றில் நிற்கும்போது கைக்கு நுட்பம் வராது. அவ்வாறு உயரும்போதெல்லாம் காலை நகர்த்தவேண்டும், அல்லது வேறு ஆயுதத்தை எடுக்கவேண்டும். மேலேயிருந்த விளக்கு காயத்தைவிட்டு விலகி ஏறத்தாழ அரைமணி நேரம் வேறிடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தெறித்த ஒளியிலேயே கவாண்டே வேலை செய்துகொண்டிருந்தார். அதனை அவர் கவனிக்கவேயில்லை. இருபது நிமிட உரையாடல். சில ஆண்டுகளாகக் கிடைத்திராத அளவு விஷயம் அந்த இருபது நிமிடத்திற் கிடைத்தது என்று அவர் எழுதுகிறார். பின்னர் அவருடைய நோயாளருக்கு நேரும் சிக்கல்கள் மறுபடியும் குறையத் தொடங்கினவாம்.

அக்கட்டுரையில் எனக்குச் சிரிப்பு மூட்டிய இடமும் ஒன்று உண்டு. வேறொரு நாள், மேசையிலே கிடந்த நோயாளி மூலையில் நின்ற முதியவரைக் கண்டு, அவர் யார் என்று கேட்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் தமக்கு ஒரு 'கோச்' மாதிரி என்று கவாண்டே சொல்லிவைக்கிறார். அதைக் கேட்டு அப்பெண்ணுக்கு ஆறுதல் உண்டானதாகத் தெரியவில்லையாம். நாமும் அவளைப் போன்றவர்களே. கத்தியை எடுப்பவர் இனிக் கற்க ஒன்றுமில்லாதவராய் இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரும் நாளடைவில் அதனை நம்பிவிடுகிறார்.

நிற்க. முழங்கையைத் திருத்துவது ஒப்பளவில் எளிது. பலரை நடத்தும் ஒருவரின் குரலையும் முகக்குறிப்பையும் திருத்துவதே கடினம். ஒரு கடையிலோ கந்தோரிலோ இவை கோணினால் வியாபாரம் கெடும், மனத்தாங்கல் வரும். வைத்தியசாலையிலே இவை கோணினால் என்ன வரும் என்பதற்கு, வாசிக்கவே நெஞ்சு கனக்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

2005ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், மாட்டின் புறோமிலி என்னும் ஆங்கிலேய விமானியின் மனைவி, மூக்கினுள் ஒரு சாதாரண சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலைக்குச் சென்றார். முப்பத்தேழு வயது, இரு சிறு பிள்ளைகளின் தாய். மயக்கமருந்து கொடுத்ததும் மூச்சு வழி அடைபட்டது. அனுபவம் மிக்க வைத்தியர்கள் மூவர் கூடிவிட்டனர். தொண்டையினூடாகக் குழாயைச் செலுத்த முயன்றனர், முடியவில்லை, மீண்டும் முயன்றனர். அத்தகைய வேளையில் வாய்வழி முயற்சியை விட்டுக் கழுத்திலே சிறு துவாரமிட்டுக் காற்றைச் செலுத்தவேண்டும் என்பது அவர்கள் படித்த பாடம். ஆனால் ஒரே செயலில் கண்ணூன்றிப் போனவர்களுக்கு நேரம் போவது தெரியவில்லை. இருபது நிமிடத்துக்கு மேலாக அப்பெண்ணின் இரத்தத்தில் ஒட்சிசன் மிகவும் குறைந்து கிடந்தது.

அங்கே நின்ற தாதியருக்கோ நிலைமை விளங்கிவிட்டது. ஒருத்தி கழுத்தில் துவாரமிடும் உபகரணத் தட்டைக் கொண்டுவந்து, இதோ ஆயத்தமாயிருக்கிறது என்று அறிவித்தாள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருத்தி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியிற் பேசி ஒரு கட்டிலை ஒழுங்கு செய்தாள். அதைச் சொன்னபோது வைத்தியர்கள் பார்த்த பார்வை, ஏன் இவ்வளவு பதற்றம் என்பது போலிருந்தது. அவள் திரும்பப் போய் அக்கட்டிலை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பதின்மூன்று நாள்களின் பின் அந்தத் தாய் இறந்தார்.

இதிலே எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்தப் பார்வைதான். அவ்வைத்தியர்கள் தீயவர்கள் அல்லர், திறமையற்றவர்களும் அல்லர். வாயைத் திறந்து எவரையும் அதட்டவுமில்லை. தாம் பார்த்த பார்வை எப்படிப்பட்டதென்று அவர்களுக்கே தெரிந்திராது. கவாண்டேக்குத் தம் முழங்கை தெரியாதது போன்றதே இதுவும்.

புறோமிலி எவரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. விமானியாகிய அவர் கேட்ட கேள்வி வேறு: எங்கள் தொழிலில் இப்படி ஒன்று நடந்தால் உடனே ஆராய்ந்து எல்லாரும் பாடம் படிப்போமே, இங்கே ஏன் அவ்வாறு செய்வதில்லை? இக்கேள்வியோடு 2007ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய இயக்கம் பிரித்தானிய வைத்திய உலகின் போக்கையே ஓரளவு மாற்றியது. தம் மனைவிக்குச் சிகிச்சை செய்தவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பியதை அவர் வரவேற்றார் என்பதையும் சொல்லவேண்டும். பாடம் படித்தவர்கள் முன்னிலும் நல்ல வைத்தியராய் இருப்பர் என்பது அவர் கருத்து.

விமானிகளும் இதனைப் பெருவிலை கொடுத்தே கற்றார்கள். 1977ஆம் ஆண்டில் ஸ்பானியாவுக்குச் சொந்தமான தெனெரீவ் தீவில், மூடுபனிக்குள் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட ஓடிய விமானத்தின் தலைமை விமானி, தம் கம்பனியின் விளம்பரங்களிலே படம் வெளிவருமளவுக்குப் புகழ்பெற்றவர். மற்ற விமானிகளைப் பயிற்றுபவர். அவருக்குப் பின்னே இருந்த பொறியாளர், மற்ற விமானம் பாதையைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்று ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் உறுதியாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இவ்விபத்தையும் இதுபோன்ற வேறு விபத்துக்களையும் ஆராய்ந்த பின்னர், 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கம் முதல் விமானக் கம்பனிகள் ஒரு புதிய பயிற்சியை ஏற்படுத்தின. இளையவர் தயங்காது எடுத்துரைக்கவும், மூத்தவர் அதனைக் கேட்டுக்கொள்ளவும் அதிற் பழக்கினார்கள். கேட்டுக்கொள்வதும் பழக்கினால் வருவதுதான் என்பதே அதன் அடிப்படை.

2000ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு, விமானிகளையும் வைத்தியர்களையும் ஒரே கேள்விகள் கேட்டு ஒப்பிட்டது. மூத்தவரின் முடிவை இளையவர் கேள்வி கேட்கலாமா என்றதற்கு, விமானிகளில் ஏறத்தாழ எல்லாருமே கேட்கலாம் என்றனர். சத்திரசிகிச்சை நிபுணரில் அவ்வாறு சொன்னவர் நூற்றுக்கு 55 பேரே. களைத்திருந்தாலும் தம் வேலை குன்றாது என்று எண்ணியவர் விமானிகளில் நூற்றுக்கு 26 பேர். சத்திரசிகிச்சை நிபுணரில் 70 பேர். இது மேனாட்டுக் கணக்கு. நம் நாட்டு வார்ட்டுகளில் இக்கேள்வியைக் கேட்டால் என்ன கணக்கு வரும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். பெரிய நிபுணர் சுற்றி வரும்போது, பின்னால் வரும் இளைய டாக்டர்களும், 'மிஸ்ஸி'மாரும், கோப்புடன் வரும் தாதிய மாணவிகளும் நடக்கும் ஒழுங்கைக் கண்டவர்களுக்கு, கோயில் வீதியுலா நினைவுக்கு வராமற் போகாது. மரியாதை நல்லதே. அந்த ஊர்வலத்தின் கடைசியில் வரும் பிள்ளை, "சேர், இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று துண்டில் எழுதியிருக்கு" என்று சொல்ல இடமிருக்கிறதா என்பதே கேள்வி.

அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி எட்மன்சன் என்னும் பேராசிரியை, மாணவியாயிருந்த காலத்தில் இது பற்றிய ஓர் ஆராய்ச்சியில் இறங்கினார். வைத்தியசாலைகளில் எட்டுப் பிரிவுகளை எடுத்து, எங்கே மருந்துத் தவறுகள் அதிகம் என்று பார்த்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவில் தவறு குறைவாயிருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கோ தலைகீழாக வந்தது: நல்ல தலைமையுள்ள பிரிவிலேயே தவறுகள் அதிகம் பதியப்பட்டிருந்தன! திகைத்துப் போய் மேலும் ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை. நடந்தவற்றைப் பயமின்றிச் சொன்னார்கள். தலைமைத் தாதி சினந்து விழும் பிரிவில் தவறுகள் ஏட்டில் ஏறாமல் மறைந்துபோயின. இவ்வாய்வு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் பிரிவில் முறைப்பாடே இல்லை என்று மார்தட்டும் மேலதிகாரிகள் இதனை இருமுறை வாசிப்பது நன்று.

இதே அம்மையாரும் அவருடைய சகபாடிகளும் பின்னர் பதினாறு வைத்தியசாலைகளின் இருதய சத்திரசிகிச்சைக் குழுக்களை ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நெஞ்சைப் பிளக்காமல் சிறு துவாரத்தினூடாகச் செய்யும் புதிய முறையை எந்தக் குழு விரைவிற் கற்றுக்கொள்கிறது என்பதே அவர்கள் கேள்வி. பெரிய வைத்தியசாலை, பெரிய பெயர், நீண்ட அனுபவம் ஆகிய இவையொன்றும் விரைவைத் தீர்மானிக்கவில்லை. தம் குழுவினரைத் தாமே பார்த்துத் தெரிந்து, இது நமக்கெல்லாம் புதிது, நீங்கள் வாய் திறவாவிட்டால் என்னால் முடியாது என்று உணர்த்திய நிபுணர்களின் குழுக்களே முந்திக்கொண்டன.

ஆனால் நல்ல மனமுள்ள தலைவர் ஒருவர் மட்டும் போதுமா? போதாது, அதற்கு மேலே உள்ளவரும் இறங்கி வரவேண்டும். இதற்குச் சான்று, பல்ரிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பீற்றர் புறொனோவொஸ்ற் என்னும் வைத்தியர் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி. பெரிய இரத்தக் குழாயினுள் செருகும் நரம்புக் குழாய்களால் கிருமி தொற்றிப் பலர் மாண்டுகொண்டிருந்தனர். அவர் ஒரு தாளில் ஐந்து செயல்களை எழுதினார். சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், தோலைக் கிருமிநீக்கியால் துடைத்தல், உடல் முழுவதையும் தூய துணியால் மூடுதல், தொப்பி முகமூடி அங்கி கையுறை அணிதல், முடிந்ததும் தூய கட்டுப் போடுதல். இவை எல்லா வைத்தியருக்கும் தெரிந்தவையே. ஆயினும் ஒரு மாதம் தாதியரைக் கொண்டு கவனித்தபோது, மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நோயாளரிடம் ஏதாவதொன்று தவறவிடப்பட்டது தெரியவந்தது. அதன்பின் நிர்வாகத்தினர் ஓர் அதிகாரத்தைத் தாதியருக்குக் கொடுத்தனர்: ஒரு படி தவறினால் வைத்தியரைத் தடுத்து நிறுத்தலாம். ஓராண்டில், நூற்றுக்குப் பதினொன்றாயிருந்த தொற்று ஏறத்தாழ இல்லாமற் போயிற்று.

பின்னர் மிச்சிக்கன் மாநிலமெங்கும் இதனைப் பரப்பியபோது செய்த ஓர் ஏற்பாடே எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வைத்தியசாலையின் மேலதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். அவர் மாதம் ஒருமுறையாவது கந்தோரைவிட்டு அங்கே போய் நின்று, என்ன குறை என்று கேட்கவேண்டும். முதலில் அவர்களுக்கு விருப்பமில்லை. போனபோது கண்டது என்ன? தோலைத் துடைக்கவேண்டிய குளோறெக்சிடின் என்னும் கிருமிநீக்கி, மூன்றிலொரு பங்குக்கும் குறைவான பிரிவுகளிலேதான் இருந்தது! அங்கே வேலை செய்த தாதியரால் வாங்குவிக்க முடியாத அதை, மேலதிகாரிகள் சில வாரங்களில் வருவித்துவிட்டனர். முதல் மூன்று மாதத்தில் தொற்று நூற்றுக்கு 66 வீதம் குறைந்தது. ஒன்றரை ஆண்டில் 1500க்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டன என மதிப்பிடப்பட்டது.

இனி என் மாணவரின் 'கோச்'சிடம் வருவோம். அவர் சொன்னபடி, தொடக்கத்தில் இவருடன் வேலை செய்யும் மேலோர், ஒத்தோர், கீழோர் எல்லாரிடமும் பெயரில்லாமற் கருத்துக் கேட்டு எழுதி வாங்கினார்களாம். சுற்றிவரக் கேட்பதால் அதற்கு 'முந்நூற்றறுபது பாகை' என்று பேர். கேத்திரகணிதம் இப்படியும் உதவுகிறது! அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு, 'கோச்' புத்திமதி ஒன்றும் சொல்லாமற் கேள்விகள் கேட்பாராம். இவர்கள் ஏன் இப்படி எழுதியிருப்பார்கள்? அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? சொன்னபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அவசரமென்று ஒரு தாதி இரவில் அழைத்தால் உங்கள் முதற் சொல் என்ன? பார்க்கப்போனால் இதிலே புதுமை ஒன்றும் இல்லை. வள்ளுவர் அரசனுக்குப் பெரியாரைத் துணைக்கோடல் என்றோர் அதிகாரமே வகுத்து, கடிந்து சொல்வாரைப் பக்கத்தில் வைத்திருக்கச் சொன்னார். அரசர்கள் பலரும் அவ்விடத்தில் புலவரை வைத்துப் புகழ் பாடுவித்ததே வரலாறு.

அந்த ஆபத்து இதிலும் உண்டு. மேனாடுகளில் இது இன்று ஒரு பெரிய வியாபாரம். நட்சத்திர ஹொட்டலில் இரண்டு நாள் பயிற்சி, மதிய விருந்து, வண்ணப் படங்கள், முடிவில் சட்டம் போட்ட சான்றிதழ். திங்கட்கிழமை காலையில் வார்ட்டிலே அதே முகம், அதே பார்வை. ஆசிரியர்கள் விஷயத்தில் இதனை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் கலிபோர்ணியாவில் எண்பது பாடசாலைகளில் நடந்த ஆய்வில், செயலமர்வில் மட்டும் கற்ற புதிய முறையை ஆசிரியர் வகுப்பறையிற் கையாண்டது நூற்றுக்குப் பத்து அளவே. வகுப்புக்கே ஒருவர் வந்து கூட இருந்து பார்த்துச் சொன்னபோது அது தொண்ணூறைத் தாண்டியது. செயலமர்வு பல கண்ட எனக்கு முதற் கணக்கில் வியப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இனிய முகத்தைக் கற்பித்துவிட்டால் ஆட்பற்றாக்குறை தீராது. இங்கிலாந்தின் ஸ்ராபோட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நடந்தவற்றை விசாரித்து, 2013ஆம் ஆண்டில் றொபேட் பிரான்சிஸ் வெளியிட்ட அறிக்கையை நோக்குக. நிர்வாகத்தின் கண் முழுவதும் வரவு செலவிலும் இலக்குகளிலும் இருந்தது, ஆட்களைக் குறைத்தார்கள், வயோதிப நோயாளர் கைக்கெட்டாத தூரத்தில் தண்ணீர் இருந்தது, முறையிட்ட ஊழியரின் சொல் எடுபடவில்லை. அவ்வறிக்கை 290 விதப்புரைகளைச் செய்தது. அங்கே தாதியர் தொகையைக் கூட்டாமல் தலைவருக்கு மட்டும் ஒரு 'கோச்'சை நியமித்திருந்தால், அது நோயாளரைப் பரிகசித்ததாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்நிர்வாகத்தினரிடம், "கடைசியாக எந்த வார்ட்டுக்குள் எப்போது போனீர்கள்?" என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால்?

நம் நாட்டில் பெரிய வைத்தியசாலைகளின் பணிப்பாளராய் வருபவர் வைத்தியரே. மருத்துவ நிர்வாகத்தில் பட்டப்பின் படிப்பும் கொழும்பில் உண்டு. எனவே நிர்வாகம் படித்தவர்கள் இல்லை என்று குறைசொல்ல முடியாது. ஆயினும் ஒரு வார்ட்டின் நிபுணரோ தலைமைத் தாதியோ அப்பதவிக்கு வருவது தம் தொழிலில் மூத்தவர் என்பதனாலன்றி, மனிதரை நடத்தக் கற்றவர் என்பதனால் அன்று. விலை கொடுத்து வெளியாரை அழைக்கவும் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற நல்ல மேற்றன்மார், தொழிலிற் கைதேர்ந்து இன்று வீட்டுத் திண்ணையிற் பத்திரிகை வாசிக்கும் முதிய வைத்தியர்கள், ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஒஸ்ரீன் செய்ததைச் செய்ய அவர்களுக்கு வேண்டியது ஒரு நாற்காலியும் ஒரு தாளும். அவர்களை அழைக்கும் துணிவு பதவியிலுள்ளவருக்கு வரவேண்டும், அதுதான் அரிது.

குடும்பப் பகுதியை வாசிக்கும் தாய்மாருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2021ஆம் ஆண்டில் இலண்டனில் மார்த்தா என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்திற் காயப்பட்டு வைத்தியசாலையில் இருந்தாள். நாளடைவில் இரத்தத்தில் கிருமி பரவியது. பிள்ளையின் நிலை மோசமாகிறது என்று தாய் பலமுறை சொன்னார்; நீண்ட வார விடுமுறையில் மூத்த வைத்தியர் இராமற் போய்விடுமே என்றும் அஞ்சிச் சொன்னார். பயப்படவேண்டாம் என்றே பதில் கிடைத்தது. சிறுமி இறந்தாள். உரிய காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என மறு ஆண்டில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் விடவில்லை. அவர்கள் எடுத்த முயற்சியின் பயனாக, 'மார்த்தாவின் விதி' என்னும் ஏற்பாடு 2024ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளில் தொடங்கப்பட்டது. நோயாளியோ, அவருடைய உறவினரோ, அங்கே வேலை செய்யும் எந்த ஊழியரோ, தம் சொல்லை வார்ட்டு வைத்தியர் கேட்கவில்லை என்று கண்டால், இரவோ பகலோ வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை நேரே அழைத்து உடனே பார்க்கச் சொல்லலாம். அழைக்கவேண்டிய வழியை வைத்தியசாலையில் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவித்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததே.